பரிமளம் ரீச்சரின் பிரின்டர்

புங்குடுதீவில் தட்டெழுத்து வகுப்பு நடத்திய பரிமளத்துக்கு, எண்பத்தொன்பதில் கனடாத் தமையன் அனுப்பிய கம்ப்யூட்டர் வந்த நாள்முதல் கோபம் மூக்குநுனியில் நின்றது. இன்றைக்கும் பிரின்டர் அசையவில்லை. நெடுந்தீவு மாதா கோயில் திருநாள் நோட்டீசுக்கு வந்த மரியதாசன் வாசலில் தவித்துக்கொண்டு நின்றார். குறிகட்டுவானில் கடைசி வள்ளம் புறப்படப் போகிறது. ஜெனரேட்டரில் மண்ணெண்ணெயும் அடிமட்டம்.

"ரீச்சர், கையாலை எழுதித் தந்தாலும் காணும்."

"பொறுங்கோ அண்ணை!"

கம்ப்யூட்டரை நிறுத்தி அதன் மூடியைக் கழற்றினாள். பிரின்டர் வயர் வந்து சேரும் சீரியல் கார்டில் சின்னச் சின்ன ஊசிகள் நின்றன. ஜம்பர் என்ற அரிசியளவான செருகியால் சரியான இரண்டு ஊசிகளை இணைத்தால்தான் அச்சு ஓடும். புத்தகத்தில் இருந்தபடி ஒரு சோடியில் செருகி, மெஷினைப் போட்டுப் பார்த்தாள், ஓடவில்லை. அடுத்ததிலும் ஓடவில்லை. மறுபடி முதற்சோடியில் செருகும்போதுதான் விரலுக்குத் தெரிந்தது: ஜம்பர் இறுகாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

போன மாதம், உப்புக்காற்றில் கறள் பிடிக்குமென்று, சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும் பூசிய தேங்காயெண்ணெயை ஊசிகளுக்கும் பூசியவள் அவள்தான். அது தூசியோடு பிசினாகி மின்சாரத்தை மறித்திருந்தது.

பல்லைக் கடித்தபடி சேலைத் தலைப்பால் ஊசிகளைத் தேய்தேயென்று தேய்த்து, ஜம்பரை முதற்சோடியில் இறுக்கிச் செருகி மெஷினைப் போட்டாள். பிரின்டர் கிறீச்சிட்டு ஓடத் தொடங்கியது.

தாள்களை வாரிக்கொண்டு ஓடிய மரியதாசன் வேலிப் படலையில் திரும்பிக் கத்தினார்:

"ரீச்சர், மெஷின் நல்லாக் கிறீச்சிடுது. கொஞ்சம் எண்ணெய் விடுங்கோ!"