இடது பக்கத்து இரும்புத் தகடு

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லைக்கோடு மட்டும் முடிவாகவில்லை. நாகலாபுரத்தை ஒட்டிய எங்கள் ஊர் ஆந்திராவோடு நிற்குமா, மெட்ராஸோடு போகுமா என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் வேறு பேச்சு. அண்ணனுடைய மோட்டார் சைக்கிளை வெட்டி மூன்று சக்கர வண்டியாக மாற்றுவதா, அல்லது மூன்று சக்கர வண்டியாகவே ஒன்றை வாங்குவதா என்பதுதான் அது.

அண்ணன் டூரிங் சினிமாவுக்குப் படப்பெட்டி கொண்டுபோகிறவர். புத்தூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு நாராயணவனம், பிச்சாட்டூர், நாகலாபுரம் என்று கொட்டகை போட்டிருக்கும் ஊருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை அதற்கென்றே வாங்கியிருந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. வரை நான் படித்ததும் அந்த வண்டி ஓடியதால்தான்.

ஒரு மழைக்காலத்தில் நாராயணவனத்துக்கு முன்னால் உள்ள திருப்பத்தில், முன்னே போன மாட்டுவண்டியைத் தாண்டும்போது அதன் அச்சில் அண்ணனின் இடது கால் மாட்டிக்கொண்டது. புண் அழுகி, வேலூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். படப்பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் படம் ஓடியது.

அவர் வீடு திரும்பிய பிறகு கொட்டகைக்காரர் பார்க்க வந்தார். வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு நேராகவே பேசினார்.

"தை மாசம் மறுபடியும் கொட்டா போடறேன். அதுக்குள்ள நீ வண்டில ஏறிட்டன்னா வேல உன்னுது. முடியலன்னா தம்பிய அனுப்பு. ரெண்டும் இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கணும். தப்பா நெனச்சிக்காத."

எனக்கு அப்போது ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டவும் தெரியும். ஆகவே தைக்குள் அண்ணன் வண்டியில் ஏறாவிட்டால், நான் ஏற வேண்டும். இதை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் கொட்டகைக்காரரிடம், "அவன் வாத்தியாராப் போறவன். பொட்டி தூக்க வர மாட்டான்" என்று முடித்துவிட்டார்.

இரண்டு சக்கர வண்டியை நிறுத்தினால் காலை ஊன்ற வேண்டும். அவருக்கு ஊன்ற இடது கால் இல்லை. மூன்று சக்கரம் என்றால் தானாக நிற்கும். கிக்கரும் கியரும் வலது காலில் இருந்ததால் மற்றவை சிரமமில்லை. இதை விசாரிக்க நான் சித்தூருக்குப் போய் ஒரு வெல்டிங் பட்டறையில் கேட்டேன். பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, குறுக்கே ஒரு அச்சும் இரண்டு சக்கரமும் வைத்து, மேலே பெட்டி அடிக்கலாம் என்றார்கள். இடது காலால் மிதிக்கிற பிரேக்கையும் கையால் இழுக்கிற மாதிரி செய்துவிடலாமாம். "ஆனா வெட்டினா வெட்டினதுதான். மறுபடி ரெண்டு சக்கரமா ஆக்கிக் குடுன்னு வந்து நிக்கக் கூடாது" என்றும் சொன்னார்கள்.

இந்த ஒரு வார்த்தையில்தான் அண்ணன் நின்றுவிட்டார். மெட்ராஸில் கட்டைக் கால் இல்லாமல், பாதம் மடங்குகிற மாதிரி கால் செய்து பொருத்துகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருந்தார்கள். எழுதிப் போட்டிருந்தோம். பதில் வரவில்லை. அந்தக் கால் வந்துவிட்டால் பழையபடி ஓட்டலாம், அதற்குள் எதற்கு வண்டியை வெட்டுவது என்பது அவர் எண்ணம். தினமும் காலையில் கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு வீட்டுக் கொல்லைக்குப் போய், ஓடாத வண்டியைத் துடைத்துவிட்டு வருவார்.

அண்ணிக்கு இது பொறுக்கவில்லை. "எம் மூஞ்சிய ஒரு நாளாவது இப்டித் தொடச்சிப் பாத்திருப்பாரா கேளு தம்பி" என்பாள். அண்ணி வெட்டிவிடலாம் என்ற கட்சி. நான் வாங்கலாம் என்ற கட்சி. கிணற்றடி நிலத்தை அடமானம் வைத்தால் வாங்கிவிடலாம், அண்ணனுடைய வண்டியும் அப்படியே நிற்கும், அவர் மனசும் நோகாது என்று நினைத்தேன். புத்தகம் படித்தவன் என்பதால் என் பேச்சுக்கு வீட்டில் கொஞ்சம் மதிப்பு இருந்தது.

திருப்பதியில் ஒரு சோடா கம்பெனிக்காரர் மூன்று சக்கர வண்டி ஒன்றை விற்கப் போகிறார் என்று தெரிந்தது. முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி சோடாப் பெட்டி அடுக்குகிற தொட்டி. பின் பிரேக்குக்குக் கையால் இழுக்கும் கம்பி இருக்கிறது என்பதையும் விசாரித்து வைத்திருந்தேன். அண்ணனும் நானும் பஸ் ஏறிப் போனோம்.

சோடாக்காரர் எங்கள் பக்கத்துத் தமிழர்தான். பாதிப் பேச்சு தெலுங்கில் போகும். அண்ணனின் காலைப் பார்த்தார். வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, "எந்த ஊரு? மெட்ராஸ் பக்கமா, மன ஆந்திரா பக்கமா?" என்றார்.

"ஊருக்கே தெரியல" என்றார் அண்ணன். "தெரிஞ்சதும் சொல்லி அனுப்பறேன்."

சோடாக்காரர் சிரித்தார். பேச்சு சுலபமாகிவிட்டது.

அண்ணன் புதுசான ஒன்றில் ஏறுவதற்கு முன்னால் நான் ஓட்டிப் பார்ப்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது. ஏறினேன். தெரு ரயில் நிலையத்தை நோக்கி லேசான இறக்கம். வண்டி நன்றாகவே போயிற்று. பாதி தெருவில், மலையிலிருந்து இறங்கிவந்த மொட்டைத் தலைக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. கிளட்சைப் பிடித்து வேகத்தைக் குறைத்தேன். நிற்கப் போகிறோம் என்று தோன்றியதும் என் இடது கால் வழக்கம்போல் தரைக்கு இறங்கியது.

வண்டி இன்னும் உருண்டுகொண்டுதான் இருந்தது. பின்சக்கரம் வந்து குதிகாலில் ஏறியது. செருப்பு முதலில் போயிற்று, பிறகு பாதம். நான் கத்தினேனா என்று நினைவில்லை. மொட்டைத் தலைக்காரர்கள் நாலைந்து பேர் ஓடிவந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக் காலை விடுவித்தார்கள். தொட்டி காலியாக இருந்தது. சோடா பாட்டில்கள் நிறைந்திருந்தால் அந்தக் காலும் அண்ணனுடைய கால் போன வழியில் போயிருக்கும்.

சோடாக்காரர் என்னை நடைபாதையில் உட்கார வைத்து, ஒரு குளிர்ந்த சோடாவை உடைத்துக் காலில் ஊற்றினார். "சொல்ல மறந்துட்டேன் பாரு. ரெண்டு சக்கரம் தெரிஞ்சவன் எல்லாம் மொதல்ல இப்டித்தான். நானும் வெச்சேன். தெரியாதவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். இன்னொரு சோடாவைக் குடிக்கக் கொடுத்தார்.

அண்ணன் கட்டையைச் சுவரில் சாய்த்தார். வண்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"வேணாம்ணா. இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்றேன்.

"நீ சோடா குடி" என்றார்.

வண்டி தெருமுனை வரை போயிற்று. திரும்பும்போது பழைய பழக்கத்தில் உடம்பைச் சாய்த்தார். வண்டி சாயவில்லை. நேராகப் போய் ஒரு பூக்கடையின் கூடைகளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பூக்காரி எழுந்து நின்று தெலுங்கில் அவருடைய வம்சத்தையே விசாரித்தாள். அண்ணன் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஹாண்டிலை இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பி, மேட்டில் ஏறி வந்து, மறுபடியும் திருப்பி, என் கால் மாட்டிய அதே இடத்துக்கு வந்து நிறுத்தினார். இறங்கவில்லை. தன் இடது பக்கம், மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே, தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாண்ணா?"

"நானும் வெச்சேன்டா."

"எத்த?"

"காலத்தான். நிக்கப் போவசொல்ல எறக்கி வெச்சேன். தரையில பட்டது கூடத் தெரிஞ்சிச்சி." பின்சக்கரத்தைக் காட்டி, "சக்கரம் ஏறவேயில்ல" என்றார்.

சோடாக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அண்ணன்தான் முதலில் சிரித்தார். வேலூரிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரிப்பு நின்ற பிறகும் அவர் தரையைப் பார்ப்பதை விடவில்லை.

யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம். என் பாதம் வீங்கிவிட்டது. அண்ணன் வலது கையில் என்னைப் பிடித்துக்கொண்டார். இடது கக்கத்தில் கட்டை. இருவரும் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்து கண்டக்டர், "ஏம்பா, ரெண்டு பேருக்கும் சேத்து எத்தினி காலு?" என்றார்.

"இன்னிக்கி ரெண்டு. இவனுக்கு வீக்கம் வத்தினா மூணு" என்றார் அண்ணன். "மூணு இருந்தா போதும், விழாது. ரெண்டு டிக்கெட் குடு."

புத்தூர் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நிலத்த அடமானம் வெக்க வேணாம். நம்ம வண்டிய சித்தூருக்கு இட்டுக்கினு போலாம். வெட்டச் சொல்லு."

"மெட்ராஸ்லேர்ந்து காலு வந்தா?"

"வந்தா நடக்கறதுக்கு வெச்சிக்கறேன்."



சித்தூரில் வண்டியை வெட்டியபோது அண்ணன் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டியிருந்ததால் கூட இருக்க முடியவில்லை. தை பிறந்து கொட்டகை போட்டார்கள். படப்பெட்டி புத்தூரிலிருந்து நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்று அண்ணி சொல்லி அனுப்பினாள். முதல் நாள் கொட்டகை வாசல் வரை பின்னால் பெட்டியோடு பெட்டியாகத் தானும் உட்கார்ந்து போனாளாம்.

லீவில் வந்தபோதுதான் நான் வண்டியை முதலில் பார்த்தேன். முன்பக்கம் எங்கள் பழைய வண்டிதான், துடைத்து வைத்த மாதிரியே இருந்தது. பின்னால் இரண்டு சக்கரமும் பச்சை வர்ணம் அடித்த தொட்டியும். சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கால் வைக்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரும்புத் தகடு அடித்திருந்தது. கால் தவறி இறங்கினாலும் தரைக்குப் போகாது, தகட்டில்தான் நிற்கும். வலது பக்கம் அது ஏன் என்று புரிந்தது. இடது பக்கத்தில் எதற்கு என்று கேட்டேன்.

"எனக்குக் காய்ச்சல்னா யாரு ஓட்டுவா?" என்றார் அண்ணன். "லீவுல வந்தா நீ சும்மா இருப்பியா? உன் கால் கொழுப்பெடுத்த காலு, தானா எறங்கும்."

பட்டறையில் அவர்கள் கேட்டிருக்கிறார்கள், இடது கால் இல்லாதவருக்கு இடது பக்கத்தில் எதற்குத் தகடு என்று. வண்டியை வெட்டச் சம்மதித்த கையோடு, அது ஒன்றை மட்டும் கண்டிப்பாக வேண்டும் என்று சொல்லிப் போட வைத்திருக்கிறார்.

பிறகு எல்லை முடிவாகி, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. மெட்ராஸிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. நான் இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எப்போதாவது அண்ணனின் வண்டியை எடுக்கிறேன். நிறுத்தப் போகும்போது இன்றைக்கும் என் இடது கால் என்னைக் கேட்காமல் இறங்கி அந்தத் தகட்டில் தட்டுகிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், தன் கால் இனி வராது என்று அவர் முடிவு செய்த அதே நாட்களில்தான் என் காலைப் பற்றியும் யோசித்திருக்கிறார் என்பது எனக்கு நினைவுக்கு வருகிறது.