நோயாளியே இல்லாத தோட்டம்: மாத்தளையிலிருந்து ஒன்பதாவது மைல்

மாத்தளை – நாலந்தா பாதையில் போய்வர வழி கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். உங்களில் ஒருவர் ஒரு தொழிற்சாலையில் ஊழியர் சுகாதாரப் பிரிவைப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறாராம். தோட்டத்து டிஸ்பென்சரிகள் எப்படி நடந்தன என்று பார்க்க ஆசையாம். அவர் கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பாதையில் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் எழுத வேண்டியது ஒரே ஒரு பயணம்தான்: அறுபதுகளின் கடைசியில், ஒரு செப்டம்பர் மாதத்துச் சனியும் ஞாயிறும். கட்டணங்களை அந்தக் காலத்து விலையிலேயே தருகிறேன், படித்துவிட்டுப் பெருமூச்சு விடாதீர்கள். தூரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நான் வேலை பார்த்த கொழும்புக் கம்பனிக்கு மாத்தளைப் பக்கத்தில் ஐந்து தோட்டங்கள் இருந்தன. தோட்டத்துக்கொரு டிஸ்பென்சரி. அந்த ஐந்தையும் நிர்வகிப்பது என் பொறுப்பு. நான் வைத்தியன் அல்ல. படிவம், கையிருப்பு, மாத அறிக்கை, இதுதான் என் வைத்தியம். வேலைக்கு வந்த முதல் மாதமே ஏழு விதிகள் கொண்ட சுற்றறிக்கை ஒன்றைத் தட்டச்சில் அடித்து அனுப்பினேன். மூன்றாவது விதியில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. நோயாளர் புத்தகம் தினமும் மாலை ஐந்து மணிக்குத் தோட்ட ஆபீசுக்குப் போய் ஒப்பம் வாங்கி வரவேண்டும். டிஸ்பென்சர்மார் இஷ்டத்துக்கு எழுதிவிட்டு மருந்தைக் கரைக்கக்கூடாதே என்ற முன்யோசனை.

நான்கு தோட்டங்களின் அறிக்கைகள் வழக்கம்போல வந்தன. ஐந்தாவது, ஒரு ரப்பர் தோட்டம், தொடர்ந்து நான்கு மாதம் ஸ்டோரில் ஒரு காயம்கூட இல்லை என்று எழுதியது. தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தொழிற்சாலை. ரப்பர் பாலை அசிட் ஊற்றி உறையவைத்து, உருட்டி, புகையில் உலர்த்தும் இடம். அங்கே ஒரு கொப்புளம்கூட இல்லையாம்! என் மேலதிகாரி தோளில் தட்டினார். அந்த டிஸ்பென்சரி எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுதி வந்து மற்ற நான்கிலும் அதையே நடைமுறைப்படுத்தச் சொன்னார். இதுதான் நான் புறப்பட்ட காரணம். ஞாயிற்றுக்கிழமை நாலந்தாவுக்கும் போய்க் கெடிகே என்ற பழைய கற்கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்காக ஒரு சின்ன ஆசையும் வைத்திருந்தேன்.

சனி காலை ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கொழும்பில் ரயில். ஒன்பது நாற்பதுக்குக் கண்டி. பத்தரைக்கு மாத்தளை ரயில், மூன்றாம் வகுப்பு எண்பத்தைந்து சதம். மாத்தளையில் இறங்கும்போது மணி பதினொன்று ஐம்பது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சோனகர் கடையில் சோறும் மாட்டிறைச்சிக் கறியும் ஒரு ரூபாய் பத்து. "எங்க போறீங்க தம்பி, தனியாவா?" என்று கடை நானா கேட்டார். ஆமாம் என்றேன். வேறு யாரோடு போவது? கொழும்பில் எனக்கென்று இருந்தது ஒரு போர்டிங் அறையும் ஒரு தகர டிரங்குப் பெட்டியும். நான் எங்கே போகிறேன் என்று அந்த மாதத்தில் என்னைக் கேட்ட ஒரே ஆள் அந்த நானாதான்.

பன்னிரண்டு நாற்பத்தைந்துக்குப் பஸ். ஒன்பது மைல், நாற்பத்தைந்து சதம். சந்தியில் இறங்கினால் வலது பக்கம் தோட்டத்துப் பாதை, மூன்று மைல் ஏற்றம். எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது. வழியெல்லாம் ரப்பர் மரங்கள். எதிரே வந்த நான்கைந்து பேர் என் கால்சட்டையையும் தோல் பையையும் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தி, ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். நான் கடந்து போனபிறகு மறுபடி பேசத் தொடங்கினார்கள். இந்த வேலையில் எனக்குப் பழகாமலே போன விஷயம் அது. தோட்டத்தை நடத்தும் துரைக்கு நான் விருந்தாளி அல்ல, தொழிலாளிக்கு நான் மனிதன் அல்ல. இரவு தங்க எனக்குக் கொடுத்த இடம்கூட டிஸ்பென்சரியின் காலி நோயாளி அறைதான்.

டிஸ்பென்சர் செபமாலைக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, அதிகம் பேசாத மனிதர். புத்தகத்தைக் காட்டினார். முத்துமுத்தான எழுத்து. காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு. ஸ்டோரிலிருந்து ஒருவருமில்லை. பிறகு மருந்து அலுமாரியைத் திறக்கச் சொன்னேன். தீப்புண் களிம்பு ஒரு டப்பாகூட இல்லை. போரிக் தூள் போத்தல் காலி. துணிக்கட்டு இரண்டு சுருள்தான் மிச்சம். ஆறு மாதத்துக்கு அனுப்பிய சரக்கு அது.

"இதெல்லாம் எங்கே போனது?" என்றேன். வெளியே விற்றுவிட்டார் என்றே நினைத்தேன், அதை மறைத்து என்ன பயன்.

"ஆறரைக்குக் குசினிப் பக்கமா வாங்க சேர். வந்து பாருங்க" என்றார்.

வந்து பார்த்தேன். அவருடைய வீட்டுக் குசினி, அதாவது சமையலறைக் கதவுக்கு வெளியே, விறகு அடுக்கின் ஓரமாக ஒன்பது பேர் குந்தியிருந்தார்கள். அசிட் பட்டு வெந்த விரல்கள். உருளையில் நசுங்கிய நகம். புகை அறையில் நின்று நின்று பழமாய்ச் சிவந்த கண்கள். செபமாலை அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கழுவிக் கட்டினார். ஒரு பெயரையும் எழுதவில்லை. என்னைக் கண்டதும் மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள்.

"புத்தகத்துல பேர் விழுந்தா அடுத்த நாள் பெரட்டுல ஸ்டோருக்குப் பேர் விழாது சேர்" என்றார் செபமாலை. பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்தி யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பது. "அஞ்சு மணிக்குப் புத்தகம் ஆபீசுக்குப் போகுதில்லையா? பெரட்டுப் பிரிக்கிற பெரிய கங்காணி அங்கதான் நிப்பாரு. புண்ணுக்காரங்கள ஸ்டோர்ல வச்சா தொரை ஏசுவாருன்னு அவருக்குப் பயம். மலை வேலைக்கு அனுப்பிடுவாரு. கெட்ட மனுசன் இல்ல. பயந்த மனுசன்."

"இதை ஏன் எனக்கு எழுதவில்லை?"

"எழுதினேன் சேர். ஜூன் மாச அறிக்கையில, 'வேறு விடயங்கள்'னு நீங்க போட்ட கட்டத்துல."

அந்தக் கட்டம் தீப்பெட்டி அகலம். ஐந்து தோட்டத்து அறிக்கைகளிலும் நான் வாசிக்காமல் விடுவது அதை மட்டும்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசியாக எழுந்து வந்தவள் லெட்சுமி. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை, இடது கண்ணில் கட்டு. புதன்கிழமை தொட்டிக்கு அசிட் ஊற்றும்போது தெறித்திருக்கிறது. மூன்று நாளாகச் செபமாலை கொதித்தாறிய தண்ணீரால் கழுவிக்கொண்டிருக்கிறார். கட்டை அவிழ்த்தபோது கருவிழியின் மேல் பால் ஆடை போல ஒன்று படிந்திருந்தது. "இது என் கைல இல்ல சேர். கண் டாக்டர் பார்க்கணும். ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் குடுத்தா புத்தகத்துல எழுதணும். எழுத விட மாட்டேங்குது இந்தப் பிள்ள."

ஏன் விடவில்லை என்று அவளே சொன்னாள். பகலில் குழந்தைகளை வைத்திருக்கும் பிள்ளைக் காம்பரா ஸ்டோருக்கு அடுத்த கட்டடம். ஸ்டோர் வேலை என்றால் மூன்று தடவை ஓடிப்போய்ப் பால் கொடுக்கலாம். மேல்மலைக்குப் போனால் விடிந்து போனவள் பொழுது சாயத்தான் இறங்கலாம். "இவன் புட்டிப்பால் வாயில வைக்க மாட்டாங்க ஐயா."

மறுநாள் ஞாயிறு, வேலையில்லை. சீட்டில்லாமலே மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கெடிகே எங்கும் ஓடிப்போகாது. அவள் புருசன் முத்தையாவும் வருவதாக ஏற்பாடு. அன்றிரவு நோயாளிக் கட்டிலில் படுத்தேன். பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டது கேட்டது. என் விதியால் நொந்தவர்களுக்கு நடுவே படுத்திருக்கிறேன், இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்தபோது ஒரு பெயரும் ஞாபகம் வரவில்லை.

காலை ஐந்தேகாலுக்கு இறங்கத் தொடங்கினோம். முத்தையா குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். என் பக்கம் திரும்பவே இல்லை. ஆறு நாற்பது பஸ்ஸில் அவர்கள் மூவரும் ஒரு சீட்டில், நான் பின்னால் தனியாக. ஏழரைக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்தார், கழுவினார், சொட்டு மருந்து போட்டார், கடிதம் எழுதினார். இன்றே கண்டிக்குப் போகவேண்டும், ஆறு நாளாவது வார்டில் இருக்கவேண்டும் என்றார்.

வெளியே பலகை வாங்கில் உட்கார்ந்தவள் மாட்டேன் என்றுவிட்டாள். "ஆறு நாளுக்கு என் எடத்துல வேற ஆளப் போட்டுருவாங்க. கண்ணு ரெண்டு இருக்குங்க ஐயா. ஒண்ணு போதும்."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தப் புத்தகத்த ஆபீசுக்குக் கொண்டாரச் சொன்னது எந்தத் தொரைங்க?" என்றாள்.

துரை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரை வந்தது. "நான்தான்" என்றேன்.

முத்தையா அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப நீங்களே நிப்பாட்டிறலாமே" என்றாள் லெட்சுமி. கோபமில்லை. கதவு திறந்திருந்தால் சாத்தச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மேலதிகாரி ஒப்பமிட்ட சுற்றறிக்கையை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. முறைப்படி எழுதி, அனுமதி வாங்க மூன்று வாரம் போகும். பையிலிருந்து தாள் எடுத்து முழங்காலில் வைத்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று செபமாலைக்கு: இன்று முதல் நோயாளர் புத்தகம் டிஸ்பென்சரியை விட்டு வெளியே போகக்கூடாது, பூட்டி வைக்கவும், நீங்களும் நானும் தவிர யாரும் பார்க்கக்கூடாது. மற்றது துரைக்கு: இந்தத் தொழிலாளி கம்பனியின் ஏற்பாட்டில் சிகிச்சைக்குப் போகிறார், திரும்பும்வரை ஸ்டோரில் அவர் இடம் அவருக்கே. இரண்டின் கீழும் கம்பனிக்காக என்று ஒப்பமிட்டேன்.

வாசித்துக் காட்டச் சொன்னாள். துரையின் கடிதம் இங்கிலீசில் இருந்ததால் தமிழில் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள். பிறகு, "ஸ்டோருங்கிறது எங்க எழுதியிருக்கு? தொட்டுக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். அந்தச் சொல்லின் மேல் தன் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு எழுந்தாள்.

கடிதங்களோடு முத்தையா தோட்டத்துக்குத் திரும்பினான். லெட்சுமியும் குழந்தையும் நானும் பத்தேகால் ரயிலில் கண்டிக்குப் போனோம். ஒன்றரை மணிக்கு அவளை வார்டில் சேர்த்தார்கள். மூன்றேகால் ரயிலில் நான் கொழும்புக்கு ஏறினேன். ஏழரை மணிக்குப் போர்டிங் அறையைத் திறந்தபோது, போகும்போது குடித்த தேநீர்க் கோப்பை அப்படியே இருந்தது. செய்ததைச் சொல்ல ஆளில்லை. கோப்பையைக் கழுவிவிட்டுப் படுத்தேன்.

இனிப் போகிறவர்களுக்கு. இப்போது மாத்தளையிலிருந்து நாலந்தாப் பக்கம் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, தம்புள்ளை மரக்கறி லொறிகள்தான் ஓயாமல் ஓடுகின்றன, சந்தியில் வீதியைக் கடக்கும்போது கவனம். தோட்டத்துப் பாதையில் மழைக்காலத்தில் அட்டை உண்டு. ஏற்றத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம் என்றேன், அது முப்பத்திரண்டு வயதுக் கால்களுக்கு. கெடிகே அந்தக் காலத்தில் வயல்களுக்கு நடுவே தாழ இருந்தது. பிறகு குளம் கட்டும்போது கல் கல்லாகப் பிரித்து மேலே கொண்டுவந்துவிட்டார்கள். ஓடிப்போகாது என்றேன் அல்லவா, அதுகூடப் போய்விட்டது. பழைய இடத்தில் அதை நான் பார்க்கவே இல்லை.

சுகாதாரப் பிரிவைப் பொறுப்பேற்ற அன்பருக்கு: புத்தகத்தையும் மருந்து அலுமாரியையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். வேலை பிரித்துக் கொடுப்பவரின் கைக்கு நோயாளியின் பெயர் போகவே கூடாது. அறிக்கைப் படிவத்தில் 'வேறு விடயங்கள்' கட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள், போட்டால் வாசியுங்கள். காயமே இல்லை என்று யாராவது எழுதினால் சந்தோசப்படாமல் பஸ் ஏறுங்கள்.

துரை லெட்சுமியின் இடத்தை வைத்திருந்தார். அந்த மாதம் நோயாளர் புத்தகத்தில் ஸ்டோரிலிருந்து மட்டும் முப்பத்தொரு பெயர்கள். தலைமை ஆபீசிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது: பூச்சியமாக இருந்த காயங்கள் உங்கள் நிர்வாகத்தில் முப்பத்தொன்றானது எப்படி, பதினான்கு நாளில் விளக்கம் தரவும். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது விதி போயிற்று, அந்த வருசச் சம்பள உயர்வும் போயிற்று. நவம்பரில் மறுபடி அங்கே போனபோது லெட்சுமி ஸ்டோரில் நின்றாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆளு நிக்கிறது தெரியுதுங்க ஐயா. யாருன்னு தெரியல்ல." அன்றைக்கே வந்திருந்தால் முழுக் கண்ணும் தப்பியிருக்கும் என்று கண்டி டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். புதன், வியாழன், வெள்ளி. அந்த மூன்று நாளுக்கு இன்றுவரை யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.