மேற்கு ஆற்றுக்காரர்களும் சுடலைமுத்துவும்

காய்ந்த இரும்புச் சட்டியில் பூண்டும் இஞ்சியும் விழுந்து சீறுகிற வாசனை ஜன்னல் ஏசியின் இடுக்கு வழியாக எங்கள் ஷார்ஜா வீட்டுக்குள் நுழைந்தால், எதிர் ஃபிளாட் லின் குடும்பத்தில் ராத்திரிச் சமையல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அம்மா உடனே பெருங்காயம் போட்டுத் தாளித்துப் பதிலடி கொடுப்பாள்.

அந்த வீட்டுப் பையன் லின் வெய்க்கு என் வயது. முன்னால் நிற்கும் லின் குலப்பெயர், வெய்தான் அவன் பெயர். அவன் அப்பா கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு சீன உணவகம் நடத்தினார். பிள்ளை பெயருக்குப் பின்னால் நிற்பது தகப்பன் பெயர்தான் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராததால், அம்மா அந்த மனிதரை அவர் பெற்ற மகனின் பெயராலேயே "வெய் அண்ணன்" என்று மிகுந்த மரியாதையோடு அழைத்துக்கொண்டிருந்தாள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அவர்கள் பங்குக்கு, என் பள்ளி அட்டையில் கணேசன் என்ற என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த அப்பா பெயரைக் குலப்பெயர் என்று நம்பி, என்னை "சுடலைமுத்து" என்றே கூப்பிட்டார்கள். ஒரு குரலுக்கு அப்பாவும் நானும் சேர்ந்து எட்டிப்பார்ப்போம்.

அவர்கள் வீட்டு நிலைக்கு மேல் சிவப்புத் தாளில் இரண்டு எழுத்துகள் இருந்தன. மேற்கு ஆறு என்று பொருளாம். லின்கள் எல்லாரும் அங்கிருந்து கிளம்பியவர்களாம். எங்களுக்குள் ஓடிய ஓட்டை ஆங்கிலத்தில் வெய் கதையும் சொன்னான்: மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால், உண்மையைச் சொன்ன மந்திரியை ராஜா கொன்றுவிட, பிள்ளைத்தாய்ச்சியான மனைவி காட்டுக்குள் ஓடி, மரங்களுக்கு நடுவே ஒரு மகனைப் பெற்றாள். அடுத்து வந்த ராஜா அவனுக்குக் காடு என்றே குலப்பெயர் கொடுத்தார். அதுதான் லின். ஒரு மரம்கூட இல்லாத தெருவில், தண்ணீர் டேங்கர் லாரி நிழலில் உட்கார்ந்துகொண்டு, காடு என் பெயர் என்றான் பாருங்கள், எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

நம் வாசலில் என்ன எழுதி ஒட்டலாம் என்று அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"ஏல, நமக்கு அப்படி ஒண்ணும் கெடையாதுல. எம்பேரு ஒனக்கு. ஒம்பேரு ஒம்புள்ளைக்கு. அத்தோட சரி. பேரு வேணும்னா 'டூ லெட்'னு எழுதி ஒட்டு, நாலு பேரு வருவான்" என்றார்.

உணவகம் ஓடவில்லை. விசாவும் முடிந்து அவர்கள் கிளம்பிய நாளில், சாமான்கள் ஏறிய வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, வெய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நீ என்னைத் தேடாதே. லின் கோடிக்கணக்கில் இருக்கோம். நான் உன்னைக் கண்டுபிடிக்கிறேன். சுடலைமுத்து எத்தனை பேர் இருக்கப் போறாங்க?" அது என் அப்பா பெயர், எனக்கு அடுத்து இருக்காது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒரே தலைமுறையில் தீர்ந்துபோகிற குலப்பெயரா என்று அவன் சிரித்த சிரிப்புதான் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு.

அவன் சொன்னதை மீறி இணையத்தில் எத்தனையோ முறை தேடியிருக்கிறேன். லின் வெய் என்று தட்டினால் ஒரு ஊரே எழுந்து நிற்கிறது. ஆணும் பெண்ணும் கிழவரும், ஒரு பல் மருத்துவரும். அவன் என்னைத் தேடியிருந்தால் அதைவிட மோசம். தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போனதுமே சுடலைமுத்து ஓர் எஸ்ஸாகச் சுருங்கிவிட்டார். அப்பாவும் இப்போது இல்லை. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். வேலைக்காக ஷார்ஜாவுக்கே திரும்பி வந்து நான் இருக்கும் முவைலா பகுதி ஃபிளாட்டில் சென்ட்ரல் ஏசி. பக்கத்து வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்பது பரம ரகசியம். என் மகன் ஆதவனைப் பள்ளியில் "கணேசன்" என்று கூப்பிடுகிறார்கள். நானும் ஒரு தலைமுறைக்கு உத்தரவாதமுள்ள குலப்பெயராகிவிட்டேன்.

இந்த வயதில் இது தேவையா என்று மனைவி கேட்டும் கேட்காமல், வாசல் நிலைக்கு மேல் சிவப்புத் தாளில் சுடலைமுத்து என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினேன். போன வாரம் மணி அடித்தது. நான் குளியலறையில் இருந்தேன். ஆதவன் திறந்தான்.

"சுடலைமுத்து?" என்று ஒரு ஆண் குரல், தட்டுத் தடுமாறி.

"மாஃபி, மாஃபி" என்று அரபியில் இல்லையெனச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

துண்டோடு லிஃப்ட் வரை ஓடினேன். பார்சல் கொண்டுவந்த பெங்காலிப் பையன் என்னைப் பார்த்து மிரண்டு, "சாரி பாய், ராங் ஃபிளாட்" என்று எதிர்வீட்டைக் காட்டினான். நிலைக்கு மேல் இருந்ததைப் படித்திருக்கிறான், அவ்வளவுதான்.

"வாசல்ல ஒட்டியிருக்கே, யாருப்பா அது சுடலைமுத்து? நம்ம வீட்ல அப்படி யாரும் இல்லையே" என்றான் ஆதவன்.

"இனிமே யார் வந்து கேட்டாலும், இருக்காரு, உள்ள வாங்கன்னு சொல்லுடா" என்றேன், தண்ணீர் சொட்டச் சொட்ட.