இடது மணிக்கட்டின் இரண்டாவது நாண்

அக்குபங்சர் பட்டயப் படிப்பில் சேர்ந்த என் அத்தை, அடிப்படை அறிவியல் தாளில் இருமுறை தோற்றிருந்தார். அந்தத் தாளைத் தாண்டாதவர் ஊசியைத் தொடக்கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. மூன்றாம் முறையும் தோற்றால் சேர்க்கையே ரத்தாகும். மூலக்குளத்தில் இருபது ஆண்டுகளாக ஜாக்கெட் தைப்பவர் அவர். தையல் எந்திரம் தந்த இடுப்புவலியை இந்த வைத்தியம் தணித்ததால், இதையே தொழிலாக்கிக்கொள்ள முடிவு செய்திருந்தார். இலக்கியம் படிக்கும் என்னை, அவருக்கு அறிவியல் சொல்லித் தரும்படி அப்பா பணித்தார். மறுத்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. எரிச்சலை உள்ளுக்குள் வைத்துக்கொண்டேன்.

அது பெருகுவதற்குக் காரணங்கள் ஏராளமாக இருந்தன. ஜெராக்ஸ் குறிப்புகளில் ஒரே தசைக்கு அடுத்தடுத்த பக்கங்களில் வெவ்வேறு பெயர்கள். அத்தைக்கோ, தோலுக்கு அடியில் கயிறுபோல் தட்டுப்படும் எல்லாமே நரம்பு. நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறு, தசையை எலும்போடு கட்டும் நாண் வேறு என்று தினமும் சொன்னேன். தினமும் தலையாட்டினார். மறுநாள் மூன்றும் மீண்டும் நரம்பாயின.

"ஊசி குத்தப் போறவளுக்கு ஒடம்புச் செல்லு படம் எதுக்குடி? ஜாக்கெட் தைக்கிறவ என்ன, பருத்திச் செடியா வளக்கறா?"

"பரீட்சையில கேப்பாங்க அத்தை."

"கேக்கறவனுக்கு வேற வேலை இல்ல."

இவற்றையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாமல் போனது மணிக்கட்டு. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டின் நடுவில், இரு நாண்கள் அருகருகே செல்வதாகப் படம் காட்டியது. அவற்றின் இடைவெளிதான் ஊசி குத்தும் இடம். வலக்கையில் குறிப்புத்தாளைப் பிடித்துக்கொண்டு, இடக்கையை அவரிடம் நீட்டுவேன். அவர் விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்.

"ஒண்ணுதான்டி ஆப்புடுது."

"நல்லா அழுத்திப் பாருங்க. ரெண்டு இருக்கு."

"இன்னொண்ண எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

மூன்று வாரம் இதே உரையாடல். தையல் அளவை நூலிழை பிசகாமல் எடுக்கும் விரல்கள், ஒரு நாணைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுவதை வேண்டுமென்றே செய்யும் அலட்சியமாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு மாலை பொறுமையிழந்து, நீலப் பேனாவால் என் மணிக்கட்டில் இரண்டாவது கோட்டை நானே வரைந்து, "இங்கதான்" என்றேன். அத்தை அந்தக் கோட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

அந்தத் தாளுக்கான மூன்றாம் தேர்வு, செய்முறையாக, ஞாயிறு காலை. அத்தை சனிக்கிழமை மாலையே பூசையை முடித்துவிட்டார். குறியிட்டுக் காட்டுவதற்கு ஒவ்வொருவரும் ஓர் ஆளை அழைத்து வரவேண்டும், அவருக்கு நான். தேர்வாளர், ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அத்தை தவறாகவே பதில் சொன்னார். மூன்றாவதாக, மணிக்கட்டின் நடு நாண்களைக் குறிக்கச் சொன்னார் தேர்வாளர். பழக்கத்தில் இடக்கையை நீட்டினேன். அத்தை ஒரு கோடு வரைந்து, பேனாவை மூடினார்.

"ரெண்டு" என்று உதடசையாமல் முணுமுணுத்தேன்.

"இல்லாதத எப்படிடி வரையறது?" என்று உரக்கவே கேட்டார். பிறகு தேர்வாளரிடம் திரும்பினார். "சார், படத்துல ரெண்டு. இவ கையில ஒண்ணுதான். மூணு வாரமா தேடிட்டேன்."

தேர்வாளர் என் இரு கைகளிலும் கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேர்க்கச் சொல்லி, மணிக்கட்டை மடக்க வைத்தார். வலக்கையில் நடுவே ஒரு நாண் கம்பிபோல் எழுந்தது. இடக்கையில் அந்த இடம் சமதளமாகக் கிடந்தது.

"சிலருக்கு இந்தத் தசையே இருக்காது. உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார். இவதான் இருக்கு, இருக்குன்னு திட்டிக்கிட்டே இருந்தா."

தேர்வாளர் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். வலக்கையில் இரு நாண்களையும் அத்தை தடுமாறாமல் குறித்தார். அதன்பின் வந்த கேள்விகளையும் சமாளித்துவிட்டார். எல்லை மதிப்பெண்ணில் தேர்ச்சி.

பிறர் எழுத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடிப்பவள் நான். என் இரு மணிக்கட்டுகளையும் அருகருகே வைத்து ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. வில்லியனூர் சாலையில் ஸ்கூட்டரில் திரும்புகையில் இதை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அத்தை என் தோளைத் தட்டினார்.

"வர்ற வாரம் ஊசிப் பயிற்சிடி. உன் வலது கைய எடுத்துக்கிட்டு வா."