தாடி போன மறுநாள்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலைய வாசலில் படுத்திருப்பார் அவர். நெஞ்சு வரை தாடி. யாரிடமும் கை நீட்ட மாட்டார். டீக்கடைக்காரர் தானாகக் கூப்பிட்டு நாஷ்டா கொடுப்பார்.

ஒருநாள் சேவை செய்ய வந்த சிலர் அவரைக் குளிப்பாட்டி, தாடியை மழித்து, புதுச் சட்டை மாட்டி, வீடியோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் டீக்கடைக்காரர் அவரை, "நல்லாத்தானே கீற? போய் வேலை செய்யி" என்று விரட்டினார். விரட்டப்பட்டவர் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற என்னிடம் வந்தார். எனக்கும் அடையாளம் தெரியவில்லை.

"நான்தான் சார். சட்ட வந்துச்சு, நாஷ்டா போச்சு. தாடி மொளைக்கிற வரைக்கும் பேஜாருதான்."

கடைக்காரரிடம் கூட்டிப்போய், அவர்தான் இவர் என்றேன்.

"வெளையாடாத சார். அவரு இன்னும் வரல. பாவம், அவருக்குத்தான் பன்னு எடுத்து வச்சிக்கினு கீறேன்."

பசியோடு நின்றவர் அதைக் கேட்டு எப்படி அப்படிச் சிரித்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.