பொட்டுக்கு அடியில் ஏழு நிமிடம்

ராஜமாணிக்கத்தின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு வளைவு தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் செய்தி எனக்குக் கொழும்பிலிருந்துதான் வந்தது. லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது மகள் ஷாமினி அழைத்தாள். "அப்பா, மாமா போயிட்டாங்களாம். உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றாள். முதல் நாள் மாலைதான் என் வாசலில் நின்று, "நாளைக்கு வர்றேன் மச்சான், தேத்தண்ணி போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர். என் தேத்தண்ணியை அவர் ஒரு நாளும் பாராட்டியதில்லை. ஆனாலும் குடிக்காமல் போனதும் இல்லை.

நோர்வூட் பக்கத்தில் அவரை அறியாதவர்கள் குறைவு. தேயிலைத் தொழிற்சாலையில் தூளின் பக்குவம் பார்க்கிற டீமேக்கராக இருந்தார். நான் அதே தோட்டத்து அலுவலகத்தில் கிளாக்கர். எங்களுக்குள் இரத்த உறவு கிடையாது. என் மனைவி கமலாவின் அண்ணன்மார் எல்லோரும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். கலியாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த வாரமே அவள் ராஜமாணிக்கத்தை "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவர் மச்சான். என்னை யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மகன் வாங்கிக் கொடுத்த கணினியில் அவர் செய்த வேலை உங்களில் பலருக்குத் தெரியும். கலியாணம், சடங்கு, திருவிழா என்று வீட்டுக்கு வீடு கிடந்த டிவிடிகளை வாங்கி, கணினியில் ஏற்றி, புதிய தட்டில் பிரதி எடுத்துக் கொடுத்தார். நம் ஊர்ப் பனிக்கு டிவிடியும் பூஞ்சை பிடிக்கும் என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று நான் கேலி செய்வேன். பெட்டியைத் திறந்ததும், தேயிலையை மோந்து பார்ப்பதைப் போலவே டிவிடியையும் மோந்து பார்ப்பார். "ஈரம் ஏறியிருக்கு" என்பார். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எடுத்த பிரதிகளை, தேயிலைச் சாம்பிள் அனுப்புகிற வெள்ளித்தாள் பைகளில் போட்டு வாயை ஒட்டி, மேலே வீட்டுப் பெயரை எழுதிக் கொடுப்பார்.

ஒருவர் சினிமாப் பட டிவிடியோடு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மச்சான் கையிலேயே வாங்கவில்லை. "படம் கடையில கெடைக்கும் தம்பி. ஒங்க வீட்டுக் கலியாணம் எந்தக் கடையில கெடைக்கும்? அத எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் நாளே அந்த ஆள் தன் கலியாண டிவிடியோடு வந்தார்.

பூஞ்சையை விட அவரைப் பாடாய்ப் படுத்தியது பொட்டு. புதிதாக எது வந்தாலும் சாமி முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர்கள் நாம். குக்கருக்கு வைத்தோம், ஃபிரிஜ்ஜுக்கு வைத்தோம், டிவிடிக்கும் வைத்தோம். அதுவும் பளபளவென்று இருக்கிற பக்கத்தில். அதுதான் அதன் முகம் என்று நினைப்பு. ஆனால் படம் பதிந்திருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். "மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கும்மா, நீங்க கண்ணுல வச்சிருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைப்பார்.

என் வீட்டு டிவிடியும் அப்படித்தான். ஷாமினியின் சடங்கு அன்று எடுத்தது. ஹட்டன் ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்து கொடுத்ததும் கமலா சாமித் தட்டில் வைத்து, மோதிர விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். பிறகு பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்தோம். நம் வீடுகளில் பிறகு என்றால் எப்போது என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வருடம் கமலா போய்விட்டாள். அவள் நடப்பதும் பேசுவதும் இருக்கிற படம் அந்த ஒன்றுதான். ஸ்டூடியோவும் அதற்குள் மூடப்பட்டிருந்தது.

டிவிடியை மச்சானிடம் கொண்டுபோனேன். அவர் பஞ்சை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அந்தப் பொட்டில் கமலாவின் விரல் ரேகை அப்படியே தெரிந்தது. அவர் என்னையும் டிவிடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பஞ்சைக் கீழே வைத்தார். "அழிக்கிறது ஒரு நிமிஷ வேலை மச்சான். திருப்பி வைக்கத்தான் ஆளு இல்ல" என்றார்.

பொட்டை அழிக்காமலே பிரதி எடுக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. டிரைவை மாற்றினார், வேகத்தைக் குறைத்தார், மூன்று வாரம் விடாமல் முயன்றார். கடைசியில் ஏழு நிமிடம் தவிர மற்றதெல்லாம் வந்தது. தாய்மாமன் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். தட்டு முகத்தை மறைக்கிறது. அதோடு படம் நின்று, அடுத்தது பந்தியில் வந்து குதிக்கிறது. அந்தத் தாய்மாமன் ராஜமாணிக்கம்தான். "வாசப்படி வரைக்கும் வந்த ஆளக் காணோம், சாப்பாடு மட்டும் நடக்குது" என்று சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் பஞ்சைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அன்று முதல் யார் வந்தாலும் இரண்டு பிரதி கொடுத்தார். "சாமிக்கு ஒன்னு, பாக்க ஒன்னு" என்பார். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு, அவருடைய மனைவி சரோஜா என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, அவரு பேசுற மாதிரி ஒரு படம் வேணும். இந்தக் கொம்பியூட்டர் பூரா தேடிட்டேன். ஊரு முழுக்க இருக்கு, அவரு மட்டும் இல்ல. ஒங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். சரோஜாவிடம் "தேடிப் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து அந்த டிவிடியை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம் இந்தப் பொட்டோடு போராடிய மனிதர், அதற்கு அடியில் தானும் இருந்தும், அதை அழிக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். சரோஜா தண்ணீர் சுடவைத்துத் தந்தார். "வட்டமா தொடைக்கக் கூடாது, நடுவுல இருந்து வெளிய நேரா இழுக்கணும்" என்று மச்சான் எல்லோருக்கும் சொல்வதை நினைத்துக்கொண்டு, நனைத்த பஞ்சால் இழுத்தேன். மூன்று இழுப்பில் போய்விட்டது. டிவிடியை மச்சானின் கணினியில் போட்டேன்.

சீர்த்தட்டு கீழே இறங்குகிறது. மச்சானின் முகம் தெரிகிறது. மாலையைப் பிள்ளையின் கழுத்தில் போடப் போகிறார், அது அவருடைய கண்ணாடியில் மாட்டிக்கொள்கிறது. "அண்ணே, கண்ணாடியக் கழட்டிட்டுப் போடுங்க" என்கிறாள் கமலா. "கழட்டினா புள்ள எங்க நிக்குதுன்னே தெரியாது தங்கச்சி" என்கிறார் அவர். கமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதை நான் மறந்திருந்தேன். சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னொரு தடவ போடுங்க அண்ணே" என்றார்.

நாளை முப்பத்தோராம் நாள். வருகிறவர்கள் அந்த ஏழு நிமிடத்தைப் பார்க்கலாம். சரோஜாவுக்கு அவர் வழக்கப்படியே இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பஞ்சைத்தான். கமலா வைத்த பொட்டு இப்போது அதில் இருக்கிறது. மச்சான் மிச்சம் வைத்துப்போன வெள்ளித்தாள் பை ஒன்றில் அதைப் போட்டு, ஈரம் ஏறாமல் வாயை ஒட்டி, மேலே இரண்டு பேருடைய பெயரையும் எழுதியிருக்கிறேன்.