இருபத்தேழாம் இலக்கப் பெனியன்

விளையாட்டு மனிதனைத் திருத்தும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை அது கெடுத்தது. அதுவும் ஒரே ஒரு சீசனில்.

அப்போது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கொம்பனியில் நான் டல்லி கிளாக். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை. வீடு கொட்டாஞ்சேனையில், மாதா கோயிலுக்குப் பின் ஒழுங்கையில். உண்மையில் எங்களை எடுத்தது மூட்டைக்காக அல்ல, கூடைப்பந்துக்காக. கொம்பனித் துரைக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம். நன்றாக ஆடுகிற பொடியன்களாகப் பார்த்துப் பிடித்து, நாட்சம்பளத்தில் வேலை கொடுத்து, பின்னேரம் நாலரைக்குப் பெனியனை மாட்டி அனுப்புவார். சீசன் முடிந்தால் வேலையும் முடியும்.

அந்த வருடம் மட்டும் ஓர் ஆசை காட்டினார். போட்டிக் கேடயத்தை வென்றால், இறுதியாட்டத்தில் திறமாக ஆடிய ஒருவனைக் கந்தோரில், மேசை வேலைக்கு, நிரந்தரமாக எடுப்பாராம். ஒருவனைத்தான்.

அந்த ஒருவன் யாரென்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் வருகிறவன், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என் கூட்டாளி. பந்து அவன் கையை விட்டால் கூடைக்குள்தான். அந்த வேலை அவனுக்கு எங்கள் எல்லோரையும்விட அவசியம். அவன் விரும்பிய பெண்ணின் தகப்பன், "நிரந்தர உத்தியோகக் கடிதத்தோட வாரும், இல்லாட்டி இந்தப் பக்கம் வராதையும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "இந்த முறை இது தவறிப்போச்செண்டா என்ர கதை முடிஞ்சுது மச்சான்" என்று சீசன் முழுவதும் என் காதைத் தின்றான்.

துரைக்கு எங்கள் பெயர்கள் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் மெனக்கெட்டதும் இல்லை. துறைமுக வாசலில் காட்டுவதற்காக ஒவ்வொருவர் நெஞ்சிலும் இலக்கம் அடித்த பித்தளை வில்லை குத்தியிருக்கும். அதே இலக்கத்தைத்தான் பெனியனிலும் தைப்பித்தார். நான் இருபத்தேழு, அவன் முப்பத்தொன்று. கூப்பிடுவதும் அப்படித்தான், ஏசுவதும் அப்படித்தான்.

இறுதியாட்டத்தில் எதிரணி வெள்ளைக்காரப் பட்டாளத்தார். மத்தியஸ்தரும் புள்ளி எழுதியவரும்கூட அவர்களுடைய ஆட்கள்தான். வெயிலில் சீமெந்துத் தரை கொதித்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது அவனுடைய இலக்கத்தில் மூன்று பவுல். அந்தக் காலத்தில் நாலாவது பவுலோடு ஆள் வெளியே. என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் குடிக்கப் போன இடத்தில், தகரக் கொட்டிலுக்குப் பின்னால், என் கையைப் பிடித்தான்.

"டேய், பெனியனை மாத்துவமா?"

"உனக்கென்ன விசரா? பிடிபட்டா?"

"ஆர் பிடிக்கிறது? உவங்களுக்கு நீயும் நானும் ஒண்டுதான். இலக்கத்தைத்தானே பாக்கிறாங்கள்."

உண்மைதான். இருவரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி, ஒரே கறுப்பு. கழற்றி மாற்றினோம். அவனுடைய வியர்வை என் முதுகில் ஈரமாக ஒட்டியது. கூட ஆடிய மற்ற மூவரும் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்கள்.

ஐந்து நிமிடத்துக்குள் நான் பேயன் வேலை பார்த்தேன். முதுகில் மூன்று பவுல் இருப்பதை மறந்து, வழக்கம்போல ஒருவனை இடித்து விழுத்தினேன். விசில் ஊதினார்கள். முப்பத்தொன்று வெளியே! மிச்ச ஆட்டத்தை ஓரத்தில் கிடந்த வாங்கில் குந்தியிருந்துதான் பார்த்தேன். அவன் என் பெனியனோடு பேய்பிடித்தவன்போல ஆடினான். கடைசி நிமிடத்தில் அவன் போட்ட பந்தால் ஒரு புள்ளியில் வென்றோம். முதலில் ஓடிப்போய் அவனைத் தூக்கியது நான்தான். அந்த நேரம் அவனுக்காக நான் பட்ட சந்தோஷம் பொய்யில்லை. இதையாவது நம்புங்கள்.

திங்கட்கிழமை காலை எங்களைக் கந்தோரில் வரிசையாக நிறுத்தினார்கள். நெஞ்சில் அவரவர் பித்தளை வில்லை. துரையின் கையில் புள்ளித்தாள். ஆட்டம் முழுவதையும் பிரம்பு நாற்காலியில் இருந்து, இருபதடி தூரத்தில், தன் இரண்டு கண்ணாலும் பார்த்த மனிதன்! தாளைப் பார்த்தார், வில்லைகளைப் பார்த்தார், என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

"வெல் டன், டுவென்டி செவன்."

பக்கத்தில் நின்ற அவன் மெல்லிய குரலில் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. "எனக்கு வேண்டாம், இவனுக்குக் குடுங்கோ எண்டு சொல்லு மச்சான். அது காணும்."

காணும்தான், அந்த ஒரு சொல்லே போதும். அவன் வாயைத் திறந்தால் கள்ள ஆட்டம் வெளியே வரும், கேடயம் போகும், ஐந்து பேரும் தெருவில் நிற்போம். நான் வேண்டாம் என்று சொன்னால் ஒன்றும் வெளியே வராது. துரை யோசித்திருப்பார், ஒருவேளை கொடுத்துமிருப்பார். ஆனால் எனக்கு மூட்டைத் தூசு ஞாபகம் வந்தது. காற்றாடிக்குக் கீழே ஒரு மேசை கண்ணில் பட்டது.

"தேங்க் யூ, சேர்" என்றேன்.

பிறகு எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மாற்றச் சொன்னது அவன்தானே, நானா கேட்டேன் என்றேன். எல்லாம் விசர்க்கதை. ஆசைப்பட்டேன், எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மாத முடிவில் அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணை யாழ்ப்பாணத்தில் ஒரு தபாலதிபருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

ஒரு வருடம் கழித்து வெள்ளவத்தை ஸ்டேஷனில் அவனைக் கண்டேன். நான் வெள்ளைக் கோட்டும் சப்பாத்துமாக நின்றேன். "மச்சான்" என்று கூப்பிட்டேன். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நல்லது. அவன் கிட்ட வந்தான். என் நெஞ்சில் முன்பு வில்லை குத்தியிருந்த இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல், கையை நீட்டினான்.

"வெல் டன், டுவென்டி செவன்" என்றான்.

அவனுக்கு என் பெயர் தெரியும். பத்து வயதிலிருந்தே தெரியும்.